முதலிரண்டு எழுத்துக்கள்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சென்ற ஆண்டு வேலைக்குச் சேர்ந்த தம் மகனைக் குறித்துத் தாயார் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். பையன் தமிழ்வழியில் படித்துத் தொழிற்பயிற்சியும் பெற்றவன், கைவேலையில் கெட்டிக்காரன். ஆனால் ஆங்கிலச் சொல் எதைக் கண்டாலும் முதலிரண்டு எழுத்துக்களை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு, மீதியை ஊகத்தில் சொல்லிவிடுகிறானாம். 'இது நாளடைவில் தானே சரியாகிவிடுமா?' என்று கேட்கிறார் அந்த அம்மையார்.

தானே சரியாகாது என்பதே நம் கருத்து. ஆயினும் அந்தப் பையன் செய்வது அறிவற்ற செயலன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ் படித்த கண் அப்படித்தான் பழகியிருக்கிறது. நம் மொழியில் வேர் முன்னே நிற்கும்; மற்றவை பின்னே வந்து ஒட்டும். நில், நிலை, நிலம், நிலையம், நிறுத்தம் என்று எத்தனை சொற்கள் வந்தாலும், 'நி' என்ற எழுத்தைப் பார்த்ததுமே நிற்றல் என்னும் பொருள் மனத்தில் தோன்றத் தொடங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்து நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947), அமலமரித் தியாகிகள் சபைக் குரு, தமிழ்ச் சொற்களையெல்லாம் மிகச் சில வேர்களுக்குள் அடக்கிக் காட்டிவிடலாம் என்று நம்பி, சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி ஒன்றையே தொடங்கினார். அவர் முடிவுகள் அனைத்தையும் இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. எனினும் ஓரெழுத்தைப் பற்றிக்கொண்டு ஒரு குடும்பத்தையே தேடிச் சென்ற அந்த உழைப்பு வியப்புக்குரியது.

ஆங்கிலத்திலும் இத்தகைய குடும்பங்கள் உண்டு. எஸ், டி என்னும் இரண்டு எழுத்துக்களில் தொடங்கும் குறுஞ்சொற்களைப் பாருங்கள். ஸ்டாண்ட் என்றால் நிற்பது. ஸ்டே என்றால் தங்குவது. ஸ்டில் அசையாதது, ஸ்டிஃப் விறைத்தது, ஸ்டூல் நம் வீட்டு முக்காலி, ஸ்டட் என்பது பட்டறையில் நட்டு நிறுத்தப்படும் திருகாணித் தண்டு. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று ஊன்றி நிற்கிறது. ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1653-ஆம் ஆண்டிலேயே, தம் மொழிக்கு இலத்தீனில் எழுதிய இலக்கணத்தில், இத்தகைய தொடக்க ஒலிகளுக்கு இன்னின்ன பொருட்சாயல் உண்டு என்று எழுதி வைத்தார். இலாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து, பின்னர் இலண்டனில் மொழியியல் கற்பித்த ஃபர்த் என்பவர், 1930-இல் வெளியிட்ட தம் நூலில் இப்பொருளை மீண்டும் எடுத்துப் பேசினார்.

நம் குடும்பங்களுக்கு இந்த எஸ்-டி அந்நியமானதே அன்று. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை செய்கிறோம். பழைய செபப் புத்தகங்களில் 'முதலாம் ஸ்தலம்' என்று இருந்ததைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பர். இன்று 'முதல் நிலை' என்கிறோம். ஆங்கிலத்தில் அதுவே ஸ்டேஷன். ஆவடியில் இரயிலுக்குக் காத்து நிற்கும் இடமும் ஸ்டேஷன்தான்! நிற்குமிடம் என்பதுதான் இரண்டுக்கும் பொருள். இலத்தீனில் ஸ்தாரே என்றால் நிற்பது. வியாகுல அன்னையைப் பற்றிய 'ஸ்தாபாத் மாத்தேர்' என்னும் பாடலின் பெயரிலுள்ள முதற்சொல் 'நின்றிருந்தாள்' என்று பொருள்படும். வடமொழியிலும் ஸ்தா என்றால் நிற்றல். ஸ்தானம், ஸ்திரம் என்பன அதிலிருந்து பிறந்தவை. ஆங்கிலமும் இலத்தீனும் வடமொழியும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையாதலால் இந்த ஒற்றுமை. தமிழ் நாவோ முன்னே நின்ற 'ஸ்' ஒலியை உதிர்த்துவிட்டுத் தானம், திரம், தலம், தம்பம் என்று தன் வசதிக்கு மாற்றிக்கொண்டது. திருத்தலத்துக்குப் போய் வருகிறோம் என்று சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் முன்னே ஓர் எழுத்து காணாமற்போன கதை தெரியும்?

எஸ்-எல் குடும்பம் பெரும்பாலும் வழுக்கும் குடும்பம்: ஸ்லிப், ஸ்லைட், ஸ்லோப், ஸ்லைம், ஸ்லஜ். ஜி-எல் குடும்பத்தில் ஒளி மிகுதி: குளோ, கிளீம், கிளிட்டர், கிளாஸ். நம் மின்னல், மின்மினி, மினுக்கு ஆகியவற்றைப் போல என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வர். ஆனால் கையுறையாகிய குளவ், பசையாகிய குளூ ஆகியவற்றில் ஒளி எங்கே இருக்கிறது? இரண்டும் ஜி-எல் தான்.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். முதலெழுத்துக்கள் சாயலைக் காட்டும்; பொருளை உறுதி செய்யா. எஸ்-டி குடும்பத்திலேயே ஸ்டாப் என்ற சொல் உண்மையில் பிறந்த பிள்ளையன்று, வந்து சேர்ந்த பிள்ளை. சணல் கந்தையைத் துவாரத்தில் திணித்து அடைப்பதைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது என்பர் ஆராய்ச்சியாளர். புட்டியை அடைக்கும் மூடியை ஸ்டாப்பர் என்பது அதனால்தான். வந்த பிள்ளை குடும்ப குணத்தோடு ஒத்துப்போய்விட்டது. ஸ்டார்ட் என்ற சொல்லோ துள்ளி எழுவதைக் குறித்தது. திடுக்கிடுவதைக் குறிக்கும் ஸ்டார்ட்டில் அதன் சுற்றம். நிற்கும் குடும்பத்தின் வாசலில் ஓடுகின்ற ஒருவன்!

அம்பத்தூர்ப் பட்டறைகளில் பவர் பிரஸ் முன்னால் நிற்கும் வாலிபனுக்கு இது வெறும் சொல் வேடிக்கையன்று. ஸ்டார்ட், ஸ்டாப் என்று இரு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முதலிரண்டு எழுத்துக்களும் ஒன்றே. மூன்றாவது எழுத்தில்தான் ஒன்று 'ஏ', மற்றொன்று 'ஓ' என்று பிரிகின்றன. தகடு சிக்கிக்கொண்ட பதற்றத்தில் கண் இரண்டெழுத்தோடு நின்றுவிட்டால், கை எந்தப் பொத்தானுக்குப் போகும்? பச்சை, சிவப்பு என்ற நிறங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். உண்மை; அவசர நிறுத்தத்துக்கு மஞ்சள் பின்புலத்தில் காளான் போன்ற சிவப்புக் குமிழ் என்று சர்வதேச நியமமே உண்டு. ஆனால் எண்ணெயும் இரும்புத் தூளும் படிந்த பழைய இயந்திரத்தில் நிறம் எவ்வளவு நாளைக்கு நிறமாக இருக்கும்? தமிழிலோ 'தொடங்கு', 'நிறுத்து' இரண்டும் முதலெழுத்திலேயே பிரிந்துவிடுகின்றன. ஒரு சிறு துண்டுச் சீட்டில் அவற்றை எழுதி ஒட்டினால் முதலாளிக்கு என்ன செலவாகிவிடும்? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு தொழிலாளரில் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டுமென்று விதித்தது. அறிவிப்புப் பலகைக்குக் கிடைத்த அந்த மரியாதை பொத்தானுக்கும் கிடைக்கலாகாதா?

நம் பிள்ளைகளுக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. மெய்யெழுத்து தனித்துச் சொல்லின் முதலில் வராது என்பது தொல்காப்பியம் கண்ட மரபு. க், ட், ப் போன்ற வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடிவதும் இல்லை. ஆங்கிலக் குறுஞ்சொல்லோ இரண்டு மெய்யில் தொடங்கி வல்லினத்தில் முடிகிறது. ஆகவே நம் நாவு முன்னே ஓர் இகரமும் பின்னே ஓர் உகரமும் சேர்த்து 'இஸ்டாப்பு' என்கிறது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இலக்கணம் அறியாதவர்கள். சிரிப்புக்குப் பயந்தே எத்தனையோ பிள்ளைகள் சொல்லின் கடைசியை விழுங்கிவிடுகிறார்கள். விழுங்கிய கடைசியில்தான் வேறுபாடு கிடக்கிறது. ஸ்லிப் வழுக்கல், ஸ்லிட் கீறல், ஸ்லிம் மெலிவு. ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வதும் உதவாது. 'கார்ட்' என்று எழுதினால் அது மாட்டு வண்டியா, குடும்ப அட்டையா? கடைசி எழுத்து டி என்பதா, டீ என்பதா என்று தமிழ் வரிவடிவம் காட்டாது.

அந்த அம்மையாருக்கும், இதே கவலையுள்ள மற்றப் பெற்றோருக்கும் ஒரு பயிற்சி சொல்கிறோம். பிள்ளை வேலை செய்யும் இடத்தில் தினமும் காணும் சொற்களில் பத்தை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். முதலிரண்டு எழுத்துக்களைக் கட்டைவிரலால் மூடிவிட்டு, எஞ்சியதை மட்டும் காட்டிக் கேளுங்கள். பிறகு விரலை எடுத்து முழுச்சொல்லையும் கடைசி ஒலி வரை உரக்கச் சொல்லச் செய்யுங்கள். உகரம் சேர்ந்து வந்தால் வரட்டும். விழுங்குவதைவிட அது மேல். இரவு செபம் முடிந்தபின் பத்து நிமிடம் போதும். தாயாருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. விரல் இருந்தால் போதுமானது. தம்பி தங்கையரும் உடன் உட்கார்ந்தால் தடை சொல்லாதீர்கள், அவர்கள் அண்ணனைவிட விரைவில் கற்றுவிடுவார்கள்.

அடுத்த இதழில் 'இன்' என்று தொடங்கும் சொற்களை எடுத்துக்கொள்வோம். அதற்குள், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செல்லும் எண்ணெய் டாங்கர் லாரிகளில் 'இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'இன்' என்றால் இல்லை, ஆகவே தீப்பற்றாதது என்று யாரேனும் பொருள் சொன்னால் நம்பிவிட வேண்டாம்; எளிதில் தீப்பற்றும் என்பதே அதன் பொருள்.