மெரினா வான் சாகசம்: போட்டோவும் சொதப்பியது, உயிரும் போனது... 11 மணி வெயில் சொல்லும் பாடம்

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப்படையின் 92-ம் ஆண்டு விழாவையொட்டி சென்னை மெரினாவில் வான் சாகச நிகழ்ச்சி. ரஃபேல், சுகோய்-30, தேஜஸ் என 72 விமானங்கள். 21 ஆண்டுகளுக்குப் பிறகு மெரினா வானில் இப்படியொரு காட்சி என்பதால் காலையிலிருந்தே கூட்டம் வரத் தொடங்கியது. சுமார் 15 லட்சம் பேர் திரண்டதாகச் செய்திகள் வெளியாயின. பார்க்கிற பக்கமெல்லாம் உயர்த்திப் பிடித்த செல்போன்கள்.

அன்று மாலை சமூக வலைதளங்களில் இரண்டு விதமான படங்கள் சுற்றின. ஒன்று, வெளுத்த வானில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்த விமானங்கள். இன்னொன்று, மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சிகள். ஐந்து பேர் உயிரிழந்தனர்.

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் இரண்டிலும் பங்குள்ள ஒரு விஷயம் இருக்கிறது. அது நிகழ்ச்சியின் நேரம்: காலை 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை.

செல்போனில் ஏன் புள்ளி மாதிரி தெரிகிறது?

சின்னக் கணக்குதான். ரஃபேல் விமானத்தின் நீளம் சுமார் 15 மீட்டர். செல்போனின் மெயின் கேமரா, ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் அகலத்தை ஒரே படத்துக்குள் கொண்டுவந்துவிடும். அப்படியென்றால் படத்தின் அகலத்தில் விமானத்துக்குக் கிடைப்பது நூற்றில் ஒரு பங்கு. 5 மடங்கு ஜூம் இருந்தால் நூற்றில் ஐந்து. 600 மி.மீ. லென்ஸ் மாட்டிய கேமராவில் அதே விமானம் படத்தின் கால்வாசி அகலத்தை நிரப்பும்.

அதற்காகக் கையில் செல்போன்தான் இருக்கிறது என்று ஒதுங்க வேண்டியதில்லை. தனி விமானத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, சூர்யகிரண் குழுவின் ஒன்பது ஹாக் விமானங்களும் சேர்ந்து வரும்போது புகைக்கோட்டையும் கூட்டத்தையும் கலங்கரை விளக்கத்தையும் ஒரே படத்தில் பிடிக்கலாம். பெரிய லென்ஸ்காரர்களுக்கு அந்தப் படம் கிடைக்காது.

இன்னும் பக்கத்தில் பறக்கக் கூடாதா?

கூடாது. அதற்குப் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது. 1988-ல் மேற்கு ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் சாகசத்தின்போது மூன்று விமானங்கள் மோதிக்கொண்டன. அதில் ஒன்று பார்வையாளர்கள் மீது விழுந்ததில் மொத்தம் 70 பேர் இறந்தனர். 2002-ல் உக்ரைனின் லிவீவ் நகரில் போர் விமானம் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் 77 பேர் பலியாகினர். ராம்ஸ்டைனுக்குப் பிறகு பல நாடுகள் விதிகளை இறுக்கின. கூட்டத்தின் தலைக்கு மேலே சாகசம் செய்வதும், கூட்டத்தை நோக்கிப் பாய்ந்து வருவதும் கட்டுப்படுத்தப்பட்டன.

கடற்கரையும் ஏரிக்கரையும் இந்த நிகழ்ச்சிகளுக்குப் பொருத்தமான இடங்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏதாவது தவறு நடந்தால் கீழே இருப்பது தண்ணீர். வீடுகளோ ஆட்களோ இல்லை. விமானம் போட்டோவில் சின்னதாகத் தெரிவது, அந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கிற விலை.

அதாவது வானத்திலிருந்து வரக்கூடிய ஆபத்தை எப்படிக் குறைப்பது என்பதை உலகம் அனுபவப்பட்டுக் கற்றிருக்கிறது. மெரினாவில் அன்று உயிர் போனது தரையில்.

வெளிச்சம் எங்கே தப்பியது?

மெரினா கிழக்கு பார்த்த கடற்கரை. கடலைப் பார்த்து நிற்பவர் கிழக்கு நோக்கித்தான் நிற்கிறார். காலையில் சூரியன் அவர் முகத்துக்கு நேரே இருக்கும். அப்போது எடுத்தால் விமானம் கறுப்பு நிழலாகத்தான் வரும்.

அக்டோபர் முதல் வாரத்தில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணியையொட்டி. 11 முதல் 1 வரையான நிகழ்ச்சியின் சரிபாதி அது. தரையில் நிற்பவருக்குத் தெரிவது விமானத்தின் அடிவயிறு; வெளிச்சம் விழுவதோ அதன் முதுகில். எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாக இருந்தாலும் இந்த நிழலை முழுதாகப் போக்க முடியாது. போதாக்குறைக்கு, சூடான மணலிலிருந்து எழும் காற்று அலையலையாக நெளிவதால் தொலைவில் தாழ்வாக வரும் விமானங்கள் கலங்கலாகத் தெரியும்.

அதே இடத்தில் மாலை 4 மணிக்கு நின்றால் கதையே வேறு. சூரியன் மேற்கே, பார்வையாளரின் முதுகுக்குப் பின்னால், தாழ்வாக இருக்கும். விமானத்தின் பக்கவாட்டிலும் அடியிலும் வெளிச்சம் விழும். வண்ணங்கள் எடுப்பாக வரும்.

உடம்புக்கும் அதே கணக்கா?

ஆமாம். கடலோரத்தில் காற்றில் ஈரப்பதம் அதிகம். உடம்பு தன்னைக் குளிர்விக்க வியர்வையை நம்பியிருக்கிறது. ஈரக்காற்றில் வியர்வை வழியுமே தவிர, சீக்கிரம் உலராது. அதனால் வெப்பமானி காட்டுவதைவிட உடம்பு அதிகச் சூட்டை உணர்கிறது. நிழலே இல்லாத மணலில், இடம் போய்விடுமோ என்று நகராமல், கழிப்பறைக்கு எங்கே போவது என்று தண்ணீரும் குடிக்காமல் மூன்று, நான்கு மணி நேரம் நின்றால் ஆரோக்கியமானவரும் சாய்ந்துவிடலாம்.

குடை, தொப்பி, தண்ணீரோடு வாருங்கள் என்று முன்கூட்டியே அறிவுறுத்தப்பட்டிருந்தது. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சாலைக்கும் ரயில் நிலையங்களுக்கும் திரும்பியதில் நெரிசல் பல மணி நேரம் நீடித்தது. பாட்டில் தண்ணீர் தீர்ந்த பிறகுதான் பலருக்கு உண்மையான சோதனை தொடங்கியது. ஏற்பாடுகள் போதுமா, போதாதா என்று அரசியல் சண்டை நடந்தது. உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. நேரத் தேர்வு பற்றிய கேள்வி இந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனது.

மற்ற ஊர்களில் எப்படி?

விமானப்படை நாள் சாகசம் 2022-ல் சண்டிகரின் சுக்னா ஏரியிலும், 2023-ல் பிரயாக்ராஜ் சங்கமத்திலும் நடந்தது. இரண்டும் நீர்க்கரைகள். இரண்டிலும் வான் சாகசம் பிற்பகலில்தான்.

அமெரிக்காவின் சிகாகோவில் 1959 முதல் நடந்துவரும் நிகழ்ச்சி இன்னொரு உதாரணம். மிச்சிகன் ஏரியின் நார்த் அவென்யூ கடற்கரை. மெரினா மாதிரியே கிழக்கு பார்த்தது, கட்டணமும் கிடையாது. ஆகஸ்ட் மாதக் கோடையில், வார இறுதியின் இரண்டு நாட்களிலும் நடத்துகிறார்கள். முந்தைய நாள் ஒத்திகையையும் கரையிலிருந்து பார்க்கலாம். ‘இன்று விட்டால் அவ்வளவுதான்’ என்ற பதற்றம் குறைகிறது. மெரினாவிலும் முந்தைய சில நாட்கள் ஒத்திகை நடந்தது. ஆனால் முழு நிகழ்ச்சி ஒரே ஞாயிறு, இரண்டே மணி நேரம்.

அப்போ மாலையில் வைத்தால் போதுமா?

அதுவும் அவ்வளவு எளிதில்லை. அக்டோபரில் சென்னையில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். லட்சக்கணக்கானோர் இருட்டில் கலைய வேண்டியிருக்கும். மாலை நேர இடிமழைக்கும் வாய்ப்புண்டு. அதனால் நேரத்தோடு சேர்த்துத் திட்டமிட வேண்டியவை: இரண்டு நாள் நிகழ்ச்சி, நடக்கும் தூரத்தில் குடிநீர், நிழல் பந்தல், ஆம்புலன்ஸுக்குத் தனிப் பாதை, கூட்டத்தைப் பகுதி பகுதியாக வெளியே அனுப்பும் ஏற்பாடு.

அடுத்த முறை படம் எடுக்கப் போகிறவர்களுக்கு...

* ஜெட் விமானங்களுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக. டகோட்டா, ஹார்வர்டு போன்ற புரொப்பெல்லர் விமானங்களுக்கு 1/250, சாரங் குழுவின் ஹெலிகாப்டர்களுக்கு 1/125 அளவில் முயலலாம். வேகத்தைக் கூட்டினால் இறக்கை நின்றுபோன பொம்மை மாதிரி வரும்.
* ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் மோடிலும், படங்கள் தொடர்ச்சியாக எடுக்கும் மோடிலும் இருக்கட்டும். வானம் வெளுத்திருந்தால் வெளிச்ச அளவை ஒரு படி கூட்டவும்.
* கடலோர ஈரக்காற்றால் ஒரு லாபமும் உண்டு. விமானம் கூர்மையாகத் திரும்பும்போது இறக்கை மேல் வெண்மேகம் பூக்கும். அந்தத் திருப்பத்துக்காகக் காத்திருங்கள்.
* மணலில் நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம். ஜூம் லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது.
* முடிந்தால் ஒத்திகை நாளில் போங்கள். கூட்டம் குறைவு.
* தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் கேமராவை மூடிவிட்டு நிழலுக்குப் போய்விடுங்கள். பக்கத்தில் இருப்பவர் குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ உடனே 108-ஐ அழைத்து, நிழலில் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

இவை பார்வையாளர் கையில் இருப்பவை. ஷட்டர் வேகத்தை அவர் மாற்றலாம், நிகழ்ச்சியின் நேரத்தை மாற்ற முடியாது. அதை ஏற்பாட்டாளர்கள்தான் செய்ய வேண்டும். அடுத்த அழைப்பிதழ் வரும்போது விமானங்களின் பட்டியலுக்கு முன்னால் கவனிக்க வேண்டியது, அதில் போட்டிருக்கும் நேரத்தை.