மீஸான் கற்களும் படமெடுப்போரும்

பழைய மையவாடிகளில் மீஸான் கற்களைப் படமெடுப்போரைச் சிலர் தடுக்கின்றனர். "கப்றின் மீது எழுதுவதே மக்ரூஹ், அதைப் படமும் எடுப்பதா?" என்பது அவர்தம் வாதம். அது நிற்குமா?

எழுதுவதைத் தடுக்கும் ஹதீஸ் திர்மிதியில் உண்டு, மறுப்பாரில்லை. ஆயினும் படமெடுப்பவர் புதிதாக ஓர் எழுத்தையும் எழுதுவதில்லை. முன்னோர் எழுதியதைக் காத்து வைக்கிறார். எழுதுவோர்க்குரிய சட்டத்தைப் படிப்போர்மீது ஏற்றுவது எந்த ஃபிக்ஹு? உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் தலைமாட்டில் அண்ணலார் (ஸல்) தாமே கல்லொன்றை வைத்து, அடையாளத்திற்காக என்று காரணமும் கூறியதை அபூதாவூதில் காண்கிறோம்.

படத்தைத் தடுப்போர் சுண்ணாம்பைத் தடுத்தார்களா? கப்றுக்குச் சாந்து பூசலாகாது என்பது முஸ்லிமில் வரும் ஹதீஸ் அன்றோ! பராஅத் இரவு வருமுன் ஆண்டுதோறும் வெள்ளையடித்து எழுத்தை மூடுகிறோம். பின்னர் அரபி அறியாத கை கறுப்பு மை தீட்டுகிறது. அரபி இலக்கத்தில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே ஒரு சிறு வளைவே வேறுபாடு. ஹிஜ்ரி 1225, 1325 ஆகிவிடும், பாட்டனார் பேரனாகிவிடுவார்.

திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் 1795இல் எழுந்தது. லக்னோ ஃபரங்கி மஹலிலிருந்து வந்து, 1810இல் மறைந்த பஹ்ருல் உலூம் அப்துல் அலீ அவர்கள் அங்கே அடங்கியுள்ளார்கள். 1972இல் மறைந்த காயிதே மில்லத் அவர்களும் அங்கேதான். இவர்களை நூல்கள் காக்கும். நூலில் ஏறாத நம் உம்மாமார்க்கும் வாப்பாமார்க்கும் அந்தக் கல்லே ஏடு. அது தேய்ந்தால் வமிசமே தேயும்.

சென்னை மாகாணத்து ஐரோப்பியரின் கல்லறை எழுத்துகளை ஜே. ஜே. காட்டன் தொகுத்து 1905இலேயே அச்சேற்றினார். காயல்பட்டினத்து மீஸான் கற்களை மெஹர்தாத் ஷொகூஹி என்னும் வெளிநாட்டு ஆய்வாளர் தம் நூலில் 2003இல் பதிவு செய்தார். அரபி படித்த நாம் என்ன செய்தோம்?

கப்றை மிதித்தும் அதன்மேல் அமர்ந்தும் சிரித்துப் படமெடுத்துக்கொள்வோர்க்காக நான் வாதாடவில்லை. கப்றின்மேல் அமர்வதை அண்ணலார் (ஸல்) வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். ஸலாம் கூறி நுழையுங்கள். காலைச் சாய்வெயிலில் தேய்ந்த எழுத்தும் தெரியும். மாவோ சாக்கட்டியோ தேய்க்க வேண்டா. எழுத்தைப் படித்தெழுதி, ஒரு படியை ஜமாஅத்திடம் கொடுங்கள். வரும் பராஅத்துக்குச் சுண்ணாம்பு கரைக்குமுன் இதைச் செய்து முடியுங்கள்.