பில் மட்டும் ஒரு மாதமும் தவறவில்லை

மருதமுனையில் கைத்தறிச் சாரியைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுத்தான் இன்று நம் ஆட்கள் கொழும்பு ஓடரைப் பிடிக்கிறார்கள். பெருநாள் கிட்டின நேரம் 2 மணித்தியாலம் லைன் போனால் அந்த ஓடர் வேறு ஊருக்குப் போய்விடும். கம்பனிக்குக் கோல் எடுத்தால், ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணட்டாம். அது நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வங்கிக்கும் பெரிய கம்பனிக்கும் எழுத்தில் உத்தரவாதம் கொடுத்துத்தான் இணையம் விற்கிறார்கள். லைன் விழுந்தால் கட்டணத்தில் கழிவும் உண்டு. நமக்கு "அதிகபட்ச வேகம்" என்ற விளம்பரம் மட்டும்.

99 வீதம் லைன் இருந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். வகுப்பில் நாம் படிப்பிக்கிற கணக்குத்தான்: 30 நாள் மாதத்தில் 7 மணித்தியாலம் 12 நிமிடம் லைன் இல்லை. 99.9 என்றால் 43 நிமிடம். விலை கொஞ்சம் கூடத்தான் செய்யும். கூடட்டும், வேண்டியவர் வாங்குவார். சின்னக் கடைக்கும் அப்படியொரு பெக்கேஜ் வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

லைன் போகிற திகதி, நேரத்தை இன்றிலிருந்து கொப்பியில் குறித்து வையுங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதித் தர நாம் இருக்கிறோம்.