98 சி.சி. என்று யார் சொன்னது?

பழைய பைக் விற்பவர் நமக்குக் காட்டும் எண்களில் நான்கு முக்கியமானவை. எந்த வருடத்து வண்டி, இன்ஜின் நம்பர் என்ன, எத்தனை சி.சி., எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் மூன்றும் ஆர்.சி.யில் இருக்கும், நாலாவது மீட்டரில். மீட்டரை யாரும் முழுசாக நம்புவதில்லை. ஆர்.சி. அரசாங்கக் காகிதம் என்பதால் அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். அது நம் வசதிக்காக நாமே வைத்துக்கொண்ட நம்பிக்கை. வண்டி ஷோரூமை விட்டு இறங்கிய நாளில் ஆர்.சி. சொன்னது உண்மை. அதன் பிறகு எத்தனை பட்டறை ஏறி இறங்கியது என்று அதற்கு எப்படித் தெரியும்?

என் சித்தி மகன் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பார்த்து வைத்திருந்தான். 1994 மாடல், கறுப்பு, குரோம் எல்லாம் பளபள. ஒரு லட்சத்துக்கு மேல் விலை. அந்த வண்டி மேல் பையன்களுக்கு இருக்கும் பித்து உங்களுக்கே தெரியும், அதனால் விலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவன் முகமெல்லாம் சிரிப்பு. “அண்ணா, தேர்டுல போட்டா தூக்கிட்டுப் போகுது!” எங்களோடு வந்த மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து வண்டியை ஸ்டாண்டு போட்டார். “அண்ணே, இது நூறு வண்டி இல்ல. நூறு இப்படி இழுக்காது.”

ஆர்.சி.யில் 98 சி.சி. இன்ஜின் நம்பர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. பரிவாகன் செயலியில் தட்டிப் பார்த்தாலும் அதே விவரம். விற்றவர் ஆர்.சி.யை நீட்டி, “கம்பெனி இன்ஜின் சார், கை வச்சதே இல்ல” என்றார். ஹெட்டைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். நாலு நட்டுதான். வெர்னியர் காலிப்பரை உள்ளே விட்டால் 58 மில்லிமீட்டர்.

இந்த 58-ஐக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் கூட்டணியில் வந்த ஆர்எக்ஸ் 100-இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதுவும் 50. பள்ளிக்கூடத்தில் உருளையின் கன அளவு கண்டுபிடித்தோமே, அதே கணக்குதான். போட்டுப் பார்த்தால் 98 சி.சி. வரும். பின்னால் வந்த ஆர்எக்ஸ் 135-க்கும் ஸ்ட்ரோக் அதே 50. போர் மட்டும் 58. கணக்கு 132 சி.சி. ஸ்ட்ரோக் ஒன்றே என்பதால் கிராங்கை மாற்றாமலே வேலை முடிந்துவிடும். கிராங்க்கேஸின் வாயை லேத்தில் கொஞ்சம் பெரிதாக்கி, 135 பிளாக்கைத் தூக்கி மேலே உட்கார வைத்தால் போதும்.

இதில் பதிவேடு ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. இன்ஜின் நம்பர் அடித்திருப்பது கிராங்க்கேஸில். சி.சி. இருப்பதோ அதற்கு மேலே, நாலு நட்டில் கழன்று வருகிற பிளாக்கில். பதினைந்து வருடம் கழித்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் நம்பரைப் பார்ப்பார், பென்சில் பிரிண்ட் எடுத்து ஒட்டச் சொல்வார். பிரிண்ட் அச்சு அசலாகப் பொருந்தும். அந்த நம்பருக்கு மேலே என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பென்சில் சொல்லாது. இன்ஜினைப் பிரித்து அளக்க அந்த அலுவலகத்தில் நேரமும் கிடையாது, ஆளும் கிடையாது. அதனால் வண்டி எத்தனை கை மாறினாலும் 98 என்பது 98-ஆகவே நகலெடுக்கப்படும்.

விற்றவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் நாலாவது ஓனர். அந்த வேலையைச் செய்தவர் முதலாமவரோ மூன்றாமவரோ, அவருக்கே தெரியாது. வெர்னியரை வாங்கி அவரே ஒருமுறை அளந்து பார்த்தார். “பழைய பிளாக்கையே தேடிப் போட்டுட்டா?” என்று என் தம்பி கேட்டான். வாயைப் பெரிதாக்கிய கேஸில் நூறு பிளாக் சரியாக உட்காராது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். வண்டி வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

“34 சி.சி. கூடுதலாக் கிடைச்சா லாபம்தானே” என்று இன்றும் புலம்புகிறான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அப்படிப் பார்க்கவில்லை. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. விபத்து நடக்கிற வரைக்கும் யாரும் கேட்க மாட்டார்கள். நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் கேட்டால் ஐந்தாவது ஓனர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நியாயமாகப் பராமரித்த வண்டியிலும் அந்த எண் நகரத்தான் செய்யும். போர் தேய்ந்தால் கடைந்து, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுகிறோம். அடுத்த முறை அரை மில்லிமீட்டர். போர் 50.50 ஆகும்போது கணக்குப் போட்டால் 100.1 சி.சி. பெயரில் இருக்கும் 100-க்கு அந்த வண்டி உண்மையாக வந்து சேர இரண்டு முறை தேய வேண்டியிருக்கிறது! பெயரில் வருகிற எண்ணும் பெரும்பாலும் ஒரு தோராயம்தான். நூறு வண்டி என்று நாம் சொல்லும் ஸ்பிளெண்டர் பல காலம் 97.2 சி.சி. வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350 என்பது 346. 350-ஐத் தாண்டாமல் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் 150-க்கு மேல் 350 சி.சி. வரை வருடத்துக்கு 1,366 ரூபாய், அதைத் தாண்டினால் 2,804.

குதிரைத்திறன் விஷயத்தில் காகிதம் இன்னும் மோசம். எண்பதுகளில் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்தது ஹை டார்க், 30.5 குதிரைத்திறன். பெட்ரோல் குடிக்கிறது என்று புகார் வந்ததும் இறக்கியது லோ டார்க், 27. இரண்டுமே 347 சி.சி. சி.சி. கட்டத்தைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. சந்தையில் லோ டார்க் விற்கிறவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. வைத்திருக்கிற எல்லோரிடமும் ஹை டார்க்தான் இருக்கிறது.

இன்ஜின் நம்பராவது கெட்டியா என்றால், அதிலும் ஒரு சங்கடம். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது பூஜ்யம் ஓ ஆனது, ஐந்து எஸ் ஆனது, ஒன்று ஐ ஆனது. வண்டி வீட்டில் நிற்கும்வரை தெரியாது. பெயர் மாற்றப் போகிற அன்று தெரியும். உலோகத்தில் உள்ளது, ஆர்.சி. கார்டில் உள்ளது, செயலியில் உள்ளது, இந்த மூன்றையும் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிட்டுப் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். நம்பர் இருக்கிற இடத்தில் தேய்த்த தடமோ, எழுத்துகள் கோணலாகவோ இருந்தால் பேரமே பேசாதீர்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்தில் அந்த வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

இனி கிலோமீட்டர். பழைய மீட்டர்களில் முழுக் கிலோமீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யம். முப்பது வருட வண்டியில் 23,000 என்று காட்டினால் அது 1,23,000-ஆக இருக்கலாம். கேபிள் அறுந்து வருடக்கணக்கில் சும்மா கிடந்திருக்கலாம். சென்னை புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடையில் வாங்கிய வேறொரு வண்டியின் மீட்டராகக்கூட இருக்கலாம், அப்படியானால் நாம் படிப்பது இன்னொருவர் வாழ்க்கை வரலாறு. முன் சக்கரத்திலிருந்து வருகிற கேபிளைக் கழற்றி டிரில் மெஷினில் மாட்டித் தலைகீழாகச் சுற்றும் வித்தை எல்லா ஊரிலும் உண்டு. டிஜிட்டல் மீட்டர் வந்ததும் இது ஒழிந்தது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். மீட்டருக்குள் இருக்கும் மெமரி சிப்பில்தான் அந்த எண் இருக்கிறது. டிரில்லுக்குப் பதில் லேப்டாப், அவ்வளவுதான்.

ஆனால் மீட்டரைத் திருத்துகிறவர் கால் வைக்கும் ரப்பரைத் திருத்துவதில்லை. 15,000 கிலோமீட்டர் வண்டி என்பார், பிரேக் பெடலின் வரிகள் மழுங்கி வழவழவென்றிருக்கும். சாவித் துவாரம் தளர்ந்து சாவி தானாக விழும். பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று உண்டு: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்த டயர். வண்டி 2022 மாடல், டயர் அதற்கும் மூத்தது என்றால் காரணம் கேளுங்கள். கம்பெனி சர்வீஸில் விட்டு வந்த வண்டியென்றால் ஒவ்வொரு பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் இருக்கும். அந்த பில்களை நான் ஆர்.சி.யை விட மதிக்கிறேன். எழுதியவருக்கு வண்டியை விற்கிற எண்ணம் கிடையாது.

இங்கிலாந்தில் மூன்று வயதான வண்டி ஒவ்வொரு வருடமும் சோதனைக்குப் போக வேண்டும். அன்றைய மைல் கணக்கைப் பதிவு செய்கிறார்கள். நம்பர் பிளேட்டை வைத்து யார் வேண்டுமானாலும் அந்த வரலாற்றைப் பார்க்கலாம். போன வருடம் 40,000, இந்த வருடம் 22,000 என்றால் ஊருக்கே தெரிந்துவிடும். அமெரிக்காவில் மீட்டரைத் திருப்புவதைத் தடை செய்யும் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. நம் பெயர் மாற்றப் படிவங்கள் 29-லும் 30-லும் கிலோமீட்டருக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போடும் காகிதத்தில் அன்றைய மீட்டர் எண்ணை எழுதச் சொல்ல ஒரு வரி போதும், செலவில்லை. பிளாக்கைக் கழற்றி அளக்கச் சொல்லி இன்ஸ்பெக்டரை நாம் கேட்கப் போவதில்லை. இந்த ஒரு கட்டத்தையாவது போக்குவரத்து அமைச்சகம் அந்தப் படிவங்களில் சேர்க்க வேண்டும். அதுவரை பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், அவர் பையில் ஒரு வெர்னியர் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.