‘பாக்ஸ் போச்சு’ என்னும் தீர்ப்பு

பழைய தானியங்கிக் காரின் கியர்பாக்ஸில் கோளாறு வந்துவிட்டால் அதைச் சரிசெய்யவே முடியாது, ஒன்று பாக்ஸையே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் காரைக் காயலான் கடைக்குத் தள்ள வேண்டும் என்ற நம்பிக்கை, கார் வைத்திருப்போரிடமும் வைத்திருக்காதோரிடமும் மெக்கானிக்குகளிடமும் தரகர்களிடமும் ஒன்றுபோல வேர்விட்டிருக்கிறது. புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், தவளக்குப்பத்தில், பத்து வயதைத் தாண்டிய சிறிய கார் ஒன்று, முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது உதறுகிறது என்ற ஒரே குற்றத்துக்காக, யாரும் அடியில் படுத்துப் பார்க்காமலும், ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவாமலும், ‘பாக்ஸ் போச்சு’ என்ற இரண்டே சொற்களில் அண்மையில் தீர்த்துக்கட்டப்பட்டது. என்ஜினைத் தாங்கும் மவுன்டிங் ரப்பர் இற்றுப்போனாலும் இதே உதறல் வரும் என்பதும், அந்த ரப்பரைச் சோதிக்கப் பிரேக்கை மிதித்தபடி முன்செல்லும் டி-யிலிருந்து பின்செல்லும் ஆர்-க்கு மாற்றி என்ஜின் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்தால் போதும் என்பதும் அங்கே எவருக்கும் தோன்றவில்லை.

‘நம்ம ஊர் வெயிலுக்கும் டிராபிக்குக்கும் ஆட்டோமேட்டிக் தாங்காது’ என்று இந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுப்போர், ஒருமுறை பெங்களூரு சென்று வோல்வோ நகரப் பேருந்தில் ஏறி சில்க் போர்டு சந்திப்பைக் கடந்துவிட்டு வந்து பேசுவது நல்லது. பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தப் பேருந்துகளை அந்நகரின் அரசுப் போக்குவரத்துக் கழகம் 2006 அளவிலிருந்து ஓட்டிவருகிறது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று கிளம்பும் அவற்றில் கியரை மாற்றுவது ஓட்டுநரின் கையன்று, தானியங்கிப் பாக்ஸே. ஓர் அரசுக் கழகத்தின் பணிமனையில் பேருந்துக்கே பார்க்க முடிகிற வைத்தியம், ஒரு டன் எடைகூட இல்லாத காருக்கு மட்டும் எட்டாத வித்தையாகிவிடுவது எப்படி என்பதற்கு இதுவரை யாரும் விடை சொன்னதில்லை.

தானியங்கிப் பாக்ஸ் மாயப்பெட்டியும் அன்று, நேற்று முளைத்த புதுமையும் அன்று. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ‘ஹைட்ராமேட்டிக்’ பாக்ஸை 1940ஆம் ஆண்டு மாடல் கார்களிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றை ஓடவிட்டால் அதன் காற்றே மற்றதைச் சுழற்றுவது போல, என்ஜினோடு சுற்றும் ஒரு சக்கரம் எண்ணெயை வீசி, பாக்ஸோடு இணைந்த மற்றொரு சக்கரத்தைச் சுழற்றுவதே ‘டார்க் கன்வெர்ட்டர்’ என்னும் உறுப்பின் வேலை. அதன் பின்னால் உள்ள கிளட்ச் தட்டுகளை அழுத்துவதும் எண்ணெய், குளிர்விப்பதும் எண்ணெய். எந்தத் தட்டை எப்போது அழுத்துவது என்று அந்த எண்ணெயை வழிமாற்றிவிடுபவை ‘சோலனாய்டு’ எனப்படும் சிறு மின்காந்த வால்வுகள். ஆகவே உதறலோ இழுவைக் குறைவோ தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய், அடுத்து மின்னிணைப்பு, கடைசியாகத்தான் இரும்பு. பட்டறைகளிலோ இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

அந்த எண்ணெயைப் பற்றியே இன்னொரு மூடநம்பிக்கை உலவுகிறது: பழைய ஆட்டோமேட்டிக்கில் ஆயிலை மாற்றினால் வண்டி படுத்துவிடுமாம். தட்டுகள் ஏற்கெனவே கரிந்து தேய்ந்துபோன பாக்ஸில் புது ஆயில் ஊற்றிய மறுவாரம் வண்டி நின்றால் பழி ஆயில்மேல் விழுகிறதே ஒழிய, அத்தனை ஆண்டுகள் அதை மாற்றாமல் விட்டவர்மேல் விழுவதில்லை. வோல்க்ஸ்வாகன் நிறுவனம் 2013இல் ‘டிஎஸ்ஜி’ எனப்படும் தன் ஏழு கியர் தானியங்கிப் பாக்ஸ்களுக்காக உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தபோது செய்த வைத்தியமே பழைய ஆயிலை வடித்துவிட்டு வேறு வகை ஆயிலை ஊற்றியதுதான். எண்ணெயின் கலவை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடப் பழைய சான்றும் உண்டு. இன்று ‘அம்பர்கிரிஸ்’ என்னும் திமிங்கல உமிழ்வின் கடத்தல் செய்திகளில் அடிபடும் ஸ்பெர்ம் வகைத் திமிங்கலத்தின் எண்ணெய் 1970களின் தொடக்கம்வரை அமெரிக்கக் கியர் ஆயில்களில் கலக்கப்பட்டது. திமிங்கல வேட்டைக்குத் தடை வந்து கலவை மாறியபின் அங்கே பாக்ஸ்கள் பழுதாவது அதிகரித்தது. இவ்வளவு கூருணர்வுள்ள பொருளை, ‘ஏதோ ஒரு ஆயில்’ என்று கையில் கிடைத்த டின்னிலிருந்து ஊற்றிவிட்டு, பிறகு தொழில்நுட்பத்தைத் திட்டுவது நம்மவர்க்கே உரிய துணிச்சல். அளவு பார்ப்பதில்கூட ஒரே விதி கிடையாது. பல கார்களில் என்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும், ஹோண்டா கார்கள் பலவற்றிலோ என்ஜின் சூடேறியபின் அதை அணைத்து உடனே பார்க்க வேண்டும்.

மின்கோளாறின் கதை இன்னும் வேடிக்கையானது. ஏதேனும் ஒரு சென்சாரின் தகவல் வராவிட்டால், கட்டுப்பாட்டுக் கணினி சோலனாய்டுகளுக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தி, வண்டியை ஒரே கியரில், பெரும்பாலும் மூன்றாவதில், பூட்டிவிடும். ‘லிம்ப் மோடு’ எனப்படும் இந்நிலை, வண்டி தன்னைக் காத்துக்கொண்டு வீடுவரை நொண்டியாவது போகச் செய்யும் ஏற்பாடு. இத்தற்காப்பையே மரணம் என்று அறிவிப்பதற்குத் துணையாக இப்போது ஸ்கேனர் வேறு வந்துவிட்டது. பி0700 என்ற எண் திரையில் தெரிந்ததும் முகத்தைத் தொங்கப்போடுவோர் பலர். ஆனால் அந்த எண்ணுக்குப் பொருள், கியர்பாக்ஸின் கணினியில் ஏதோ ஒரு பிழை பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார் என்பது மட்டுமே. போய்ப் பார்த்தால் பி0715 இருக்கலாம், அதாவது உட்புகும் தண்டின் வேகத்தை அளக்கும் சென்சாரோ அதன் ஒயரோ கெட்டிருக்கலாம். கடற்காற்று வீசும் ஊரில் கனெக்டரின் ஊசி பச்சை பூத்திருந்தால் சுரண்டித் துடைப்பதோடு வேலை முடிந்தும் போகலாம். பெங்களூரு வோல்வோவிலும் சென்சார் கெடும். சென்சார் கெட்டதற்காகப் பேருந்தைக் காயலான் கடைக்கு ஓட்டிச் செல்வதில்லை.

2014இல் மாருதி செலெரியோவுடன் வந்த ஏஎம்டி, சாதாரண கியர்பாக்ஸின்மேல் கிளட்ச் மிதிக்கவும் கியர் தள்ளவும் ஓர் இயந்திரக் கையைப் பொருத்திய ஏற்பாடு. அது உதறுவதைப் பார்த்து எல்லாத் தானியங்கியையும் சேர்த்து ஏசுகிறார்கள். இடக்கால் முடியாதவர்க்குத் தானியங்கிக் காரே விடுதலை என்பதைக் கண்ட பிறகும், ‘கியர் போட்டு ஓட்டுறவன்தான் டிரைவர்’ என்ற மீசை முறுக்கல் ஓயவில்லை. பழைய கார் சந்தையிலும் இதே அலட்சியம்தான். வரி குறைவு என்பதற்காக வெளிமாநிலத்தார் புதுச்சேரியில் பதிந்து, சலித்ததும் விற்றுவிட்டுப்போன கார்கள் ஒருபுறம் பிஒய் எண்பலகையோடு கைமாறிக்கொண்டிருக்க, மறுபுறம் 2024 நவம்பர் 30 இரவு கரையேறி 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய ஃபெங்கல் போன்ற புயல்களில் நனைந்த வண்டிகள் சந்தைக்கு வரும்போது இருக்கைத் துணி மட்டுமே மாற்றப்படுகிறது. சூடான பாக்ஸ் வெள்ளத்தில் சட்டென்று குளிர்ந்தால், காற்றுப்போக்கிக் குழாய் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறி, கிளட்ச் தட்டின் பசை விட்டுப்போகும். டிப்ஸ்டிக்கை உருவியிருந்தால் வாங்கும் முன்பே தெரிந்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகு ‘பழுது பார்க்க முடியாது’ என்போர் மாற்றாகச் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வாங்கிவருவது, எந்தக் காரில் எத்தனை ஆண்டு உழைத்தது என்று ஒருவருக்கும் தெரியாத, கழற்றி வைத்த வேறொரு பழைய பாக்ஸைத்தான். அதை ஏற்றிய பின்னும், கோளாறுக்குக் காரணமான சென்சார் ஒயர் காரிலேயே அறுந்து கிடப்பதால், வண்டி மறுபடியும் மூன்றாம் கியரை விட்டு நகர மறுக்கிறது. அப்போது, வந்த பாக்ஸும் போச்சு என்கிறார்கள்.