வடிகட்டாத சத்தத்துக்கும் ஒரு வழி வேண்டும்

போன தடவை பிரான்சில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேரன் ஒரு பழைய ஸ்கேனரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர்கள் இருப்பது லு ஆவ்ர் என்னும் துறைமுக ஊர். ஸ்கேனர் என்றதும் காகிதத்தைப் படம் பிடிக்கும் இயந்திரத்தை நினைத்துவிடாதீர்கள். இது ஒரு ரேடியோ. அலைவரிசை அலைவரிசையாகத் தாவிக்கொண்டே போய், எதில் சத்தம் இருக்கிறதோ அதில் நிற்கும்.

"நல்லாத்தானே பேசுது, ஏன்டா அதைக் கெடுக்கிற?" என்றேன்.

"மனுஷங்க பேசறது வருது தாத்தா. கப்பல் பேசறதுதான் வரமாட்டேங்குது."

வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள், தங்கள் அடையாளம், இருக்குமிடம், வேகம் எல்லாவற்றையும் சில விநாடிகளுக்கு ஒரு முறை தானாகவே அறிவிக்க வேண்டும். ஏ.ஐ.எஸ். என்பார்கள். 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் வரும். ஒன்றோடொன்று மோதாமலிருக்க, எல்லாருக்குமாகச் சொல்லும் செய்தி அது.

ஆனால் ஸ்கேனரைச் செய்தவர்கள் மனிதக் குரலுக்காகச் செய்திருக்கிறார்கள். சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3000க்கு மேலேயும் உள்ளதை வெட்டிவிடுகிறது. நம் காதுக்குச் சுகம்தான். கப்பல் அனுப்பும் எண்களுக்கோ வெட்டுப்பட்ட இரண்டு ஓரமும் வேண்டும். வெட்டிய பிறகு எந்தக் கம்ப்யூட்டராலும் அதை ஒட்ட முடியாது.

பேரன் செய்தது சின்ன வேலை. பேட்டரியைக் கழற்றினான். அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் சில்லில், வடிகட்டிக்கு முன்னாலேயே ஒலி வெளிவரும் காலைக் கண்டுபிடித்தான். எம்.சி.3361 போன்ற சில்லுகளில் அது 9ஆம் கால். அங்கே ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், மெல்லிய ஒயர் வைத்துப் பற்றவைத்து, பெட்டியின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு 3.5 மி.மீ. சாக்கெட்டில் சேர்த்தான். பழைய ஸ்பீக்கர் வழியைத் தொடவே இல்லை. இரவு இயர்போனில் கேட்டால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி வெறும் இரைச்சல். அதே ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகியதும் திரையில் கப்பல் பெயர்கள் வரிசையாக வந்தன.

பிரெஞ்சில் இரைச்சலுக்கு 'ப்ரூயி', வடிகட்டாததற்கு 'ப்ரூத்' என்பார்கள். எழுத்தில் ஒரே ஒரு 'இ'தான் வித்தியாசம். பள்ளியில் டிக்டேஷனில் இந்த இடத்தில் அடி வாங்கியவன் நான். உத்தியோகத்திலும் அதே தப்பைச் செய்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மனுக்களைச் சுருக்கி அதிகாரிக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. குடும்பப் பென்ஷன் கேட்டு ஒரு விதவை அம்மா மூன்று பக்கம் எழுதியிருந்தார். அழுகை, பழங்கதை, உறவுக்காரர் பெயர்கள். "ஆவணங்களில் பெயர் பொருந்தவில்லை" என்று இரண்டு வரியில் முடித்தேன். மனு தள்ளுபடியானது. இரண்டு வருஷம் கழித்து வந்த புதிய அதிகாரி என் குறிப்பை விட்டுவிட்டு மனுவையே படித்தார். மூன்றாம் பக்கத்தில், நான் புலம்பல் என்று தாண்டிப்போன இடத்தில், பிரெஞ்சுக் காலப் பிறப்புப் பதிவேட்டில் கணவர் பெயரை வேறு மாதிரி எழுதியிருந்த விவரம் இருந்தது. பென்ஷன் கிடைத்தது. அதற்குள் அந்த அம்மா வீட்டை அடகு வைத்திருந்தார்.

வடிகட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த அதிகாரியும் நாளைக்கு நூறு மனுவை முழுசாகப் படிக்க முடியாது. ஆனால் அந்த மூன்று பக்கமும் ஃபைலில் இருந்ததால்தான் என் தப்பைத் திருத்த முடிந்தது. இன்று குறைகளை ஆன்லைனில் பதியச் சொல்கிறார்கள். பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடு, இத்தனை எழுத்துக்குள் எழுது என்கிறது பெட்டி. பட்டியலில் இல்லாத குறை எங்கே போகும்? முழு மனுவை அப்படியே சேர்க்க ஒரு வழி எல்லாப் படிவத்திலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அமெச்சூர் ரேடியோப் பெட்டிகள் பலவற்றில் 9600 டேட்டாவுக்கென்று கம்பெனிக்காரர்களே தனி வழி வைத்திருக்கிறார்கள். கூடுதல் செலவு ஒரு சாக்கெட்தான்.

நம் ஊரில் இப்படி ரேடியோ பெட்டி வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் லைசென்ஸ் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பென்ஷன் மனு போடுகிறவர்கள், படிவம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், முழுக் கதையையும் தனித்தாளில் எழுதி, தேதி போட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.