கெடு முடிந்தது, ஈரி தெளியவில்லை

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே கிடக்கும் ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது ஈரி. அதன் மேற்குப் பகுதிக்குச் சராசரி ஆழம் 7 மீட்டர் சொச்சம்தான். கோடையில் தண்ணீர் சீக்கிரம் சூடேறி, நீலப்பச்சைப் பாசி பெயிண்டைக் கொட்டியதுபோல் படர்ந்துவிடும்.

2014 ஆகஸ்ட் 2 அதிகாலை, ஏரிக்கரையிலுள்ள ஓஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாமென்று அறிவிப்பு வந்தது. பாசி உண்டாக்கிய மைக்ரோசிஸ்டின் நச்சு, சுத்திகரிப்பையும் தாண்டிவிட்டிருந்தது. காய்ச்சிக் குடிக்கவும் வழியில்லை. கொதிக்கக் கொதிக்க நீர் சுண்டும், நஞ்சு தங்கிச் செறிவு கூடும். கடல்போல் நன்னீர் பரந்த கரையில் நாலு லட்சத்துக்கும் அதிகமானோர் பாட்டில் தண்ணீருக்கு அலைந்தார்கள்.

அந்த அதிர்ச்சியில் 2015இல் அமெரிக்காவின் ஓஹையோ, மிச்சிகன், கனடாவின் ஒன்டாரியோ அரசுகள் கையெழுத்திட்டன: மேற்கு ஈரியில் சேர்ந்து பாசியை வளர்க்கும் பாஸ்பரஸை 2025க்குள் 40 சதவீதம் குறைப்போம் என்று. கெடு முடிந்துவிட்டது. இலக்கு எட்டப்படவில்லை.

காரணம் ஏரியில் இல்லை, கரைக்கு அப்பால் இருக்கிறது. ஈரிக்கு வரும் நீரில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தருவது டெட்ராய்ட் ஆறு. பாசிக்குத் தீனி போடுவதோ அதைவிட மிகச் சிறிய மாமீ ஆறு. அதன் வடிநிலம் பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல். அங்கே ஒரு காலத்தில் பிரம்மாண்டமான சதுப்புக்காடு இருந்தது. ஓடிவரும் நீரைத் தேக்கி, வண்டலைப் படியவைத்து, மெல்ல அனுப்பிய நிலம் அது. 19ஆம் நூற்றாண்டில் அதை வடித்து வயலாக்கினார்கள். இன்றும் அந்த மண்ணுக்கடியில் வடிகுழாய்கள் ஓடுகின்றன. மழையில் கரைந்த உரமும் மாட்டுச் சாணமும் பன்றிக் கழிவும் அவற்றின் வழியே வாய்க்காலில் இறங்கி ஏரிக்குப் போகின்றன.

ஆலைக் கழிவுநீர்க் குழாய்க்கு 1972ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூய நீர்ச் சட்டப்படி உரிமம் வேண்டும். மழையில் வயலிலிருந்து வடியும் நீருக்கு அதே சட்டத்தில் விலக்கு. இந்த ஓட்டையை அடைக்காமல், மானியம் தருகிறோம், விருப்பமுள்ளவர்கள் உரமிடும் முறையை மாற்றுங்கள் என்று பத்தாண்டுகளை ஓட்டிவிட்டார்கள். மாறிய விவசாயிகளும் உண்டு. அவர்களைப் பழிப்பது அநியாயம். ஆனால் விருப்பத்தை மட்டும் நம்பி ஒரு கோடிக்கும் அதிகமானோரின் குடிநீரைக் காக்க முடியாது. 2019இல் டொலிடோ மக்கள் வாக்களித்து ஏரிக்கே சட்ட உரிமை கொடுத்தார்கள். மறு ஆண்டே கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது.

பாஸ்பரஸ் ஏற்கெனவே மிகுந்த வயலில் மேலும் எரு கொட்டுவதைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும். வடித்த சதுப்பில் ஒரு பகுதியையாவது மீட்க வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தில் இலக்குத் தவறினால் எந்த அரசு பொறுப்பு, அதற்கு என்ன தண்டம் என்பதையும் எழுத வேண்டும்.